வேங்கைமாறனுக்கு வெற்றி விழா

நெமிலிச்சேரி மணவாளன் கொட்டாயில ஒரு படம் நூறு நாள் ஓடிச்சுன்னு சொன்னா, இந்தப் பக்கத்து ஆளுங்க எவனும் நம்ப மாட்டான். வெள்ளிக்கெழம வந்த படப் பொட்டி திங்கக்கெழம கெளம்பிடும், அதான் அந்த டூரிங் கொட்டாயோட வழக்கம். ஆனா ஒரு படம் ஓடிச்சு. பேரு "சேனாபதி வேங்கைமாறன்". ஓட வெச்சது நான்தான். அதுல பெரும ஒண்ணும் இல்ல. கேட்டுகினு வா, உனக்கே தெரியும்.

என் பேரு லோகநாயகி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு நட்டு போல்ட் கம்பெனில பேக்கிங் வேல எனக்கு. எழுபத்தொண்ணுல, ஆவணி மாசம், எனக்கும் என் அத்த மவன் தசரதனுக்கும் நிச்சயம் ஆச்சு. அவரு ஆவடி டேங்க் ஃபேக்டரில ஹெல்பர். அப்போ "அவரு"ன்னுதான் சொல்லிகினு இருந்தேன், அதனால இப்பவும் அப்படியே சொல்றேன். எப்ப மாறுதுன்னு நீயே பாரு.

ஆளு நல்லாத்தான் இருப்பாரு. சுருட்ட முடி, கணீர்னு கொரலு. ஒரே ஒரு கெட்ட பழக்கம். சும்மா ஒரு எடத்துல இருக்க வெச்சா, வலது கால் கட்டவெரலால எடது கெண்டக்கால சொறிஞ்சுகினே இருப்பாரு. சொறியும் கெடையாது, செரங்கும் கெடையாது, பழக்கம் அவ்ளோதான். தட்டு மாத்தறப்போகூட ஒத்தக் கால்லதான் நின்னாரு. "மாப்ள தவம் பண்றாரு"ன்னு எங்க நைனா சிரிச்சாரு.

அவருதான் எங்க பக்கத்து ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். எந்த நடிகர்னு கேக்காத. அவருக்கு இன்னும் ஆளுங்க கீறாங்க, எதுக்கு வம்பு. அந்த நடிகர் சேனாபதி வேங்கைமாறனா நடிக்கிறாருன்னு நியூஸ் வந்ததுமே ஊரே ஆடிப்போச்சு. ஏன்னா வேங்கைமாறன் எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு. வருசா வருசம் தெருக்கூத்துல அவரு வருவாரு. வந்தா சும்மா இல்ல, திரைய வெலக்கிகினு ஒரு குதி குதிச்சாருன்னா முன்னால குந்தினு இருக்கற புள்ளைங்க அலறும். விடிய விடிய சண்ட போடுவாரு. நாலு ராஜாவ ஒண்டி ஆளா அடிப்பாரு. அப்பேர்ப்பட்டவர கலர்ல, யானை குதிரையோட காட்டப் போறாங்கன்னா இன்னா ஆட்டம் ஆடிருப்போம்!

தீபாவளிக்கு ரிலீசு. அதுக்கு மொத நாள் சாயங்காலம் பொன்னியம்மன் கோயில் வாசல்ல மன்றத்துப் பசங்க தேங்கா ஒடச்சிகினு இருந்தாங்க. திடீர்னு எனக்கு நிச்சயம் ஆனவரு முன்னால வந்து, உள்ளங்கையில கற்பூரத்த வெச்சு ஏத்தினாரு. "அம்மா, பொன்னியம்மா! எங்க வேங்கைமாறன் நூறு நாள் ஓடி வெற்றி விழா கொண்டாடுனப்புறம்தான் எனக்குக் கல்யாணம். இது சத்தியம்!" கைய இறுக்கி மூடி அணைச்சுட்டாரு.

விசில் பறக்குது. எங்க நைனா வெரல் மடிச்சு கணக்குப் போட்டாரு. அந்த நடிகர் படம்னா நூறு நாளு கேரண்டி, தையில முடிஞ்சிரும், மாசில முகூர்த்தம் வெச்சிக்கலாம், பிரச்சன இல்லன்னு சொல்லிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துச்சு. இப்டி வைராக்கியமான ஆம்பள எனக்குக் கெடச்சிருக்காரேன்னு. த்தூ, நெனச்சா இப்ப எம்மேலயே கோவம் வருது.

தீபாவளியன்னிக்கு பசங்க எல்லாம் எண்ண தேச்சுக் குளிச்சிட்டு, ரயிலேறி பட்டணம் போனாங்க. மத்தியானமே திரும்பிட்டாங்க. எழவு ஊட்டுக்குப் போயி வந்த மாதிரி மூஞ்சி.  கடைசில எங்க தெரு சின்னசாமியோட பையன்தான் சொன்னான்: "இன்னாக்கா சொல்றது. தலைவரு சேர்ல குந்தினு பேசினே கீறாரு. மந்திரி பேசறாரு, இவரு பேசறாரு, ராணி வந்து அழுவுது, மறுபடி இவரு பேசறாரு. கத்திய உருவி எண்ண போட்டுத் தொடச்சிட்டு உள்ள வெச்சிட்டாரு."

"சண்ட?"

"தெரியலக்கா. இன்டர்வெல்லுக்கு அப்பால தசரதன் அண்ணன் எங்கள இட்டுகினு வந்துட்டாரு. 'வாங்கடா, இதுக்கு மேல பாத்தா தலைவர் மனசு புண்படும்'னு சொல்லிட்டாரு."

இத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோ.

கார்த்திகை தீபத்துக்குள்ள பட்டணத்துல எல்லா தியேட்டர்லயும் படத்தத் தூக்கிட்டான். அந்த டிசம்பர்ல நெஜமாவே பாகிஸ்தானோட சண்ட வந்துச்சு. ரேடியோவ சுத்திகினு நின்னு கேட்டோம். ரெண்டு வாரத்துல அந்தச் சண்டையே முடிஞ்சு ஜெயிச்சும் ஆச்சு. வேங்கைமாறன் மூணு மணி நேரமா சண்டைக்குப் போலாமா வாணாமான்னு யோசிச்சுகினே கீறாருன்னு ஊருல சிரிப்பா சிரிச்சாங்க.

எனக்கு எங்கேருந்து சிரிப்பு வரும்? நான் ஓடி அத்தகிட்ட நின்னேன். கன்னியம்மா அத்த நல்லவதான், ஆனா அம்மன்னா அவளுக்கு அப்டி ஒரு பயம். "கற்பூரம் அணைச்சது அணைச்சதுதான்டி. மீறினா அம்மா உன் தாலிய உட்டு வெக்க மாட்டா. நானே பெத்த புள்ளய வாரிக் குடுத்துட்டு, உன்னையும் வெள்ளப் பொடவையில பாக்கணுமா?"ன்னு அழுதா. அவருகிட்ட கேட்டா, வானத்தப் பாத்துகினு கெண்டக்கால சொறியறாரு. "விதி லோகு. இன்னா பண்றது?"

கொழாயடியில தண்ணி புடிக்கப் போனா, "இன்னா லோகு, படம் ஓடுதா?"ன்னு கேப்பாளுங்க. கேட்டுட்டு வாயப் பொத்திகினு சிரிப்பாளுங்க. எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிங்க. பாக்கு மாத்தின பொண்ண எவன் ஊட்லயும் கேக்க மாட்டான். நான் இப்டியே குந்தினு இருந்தா அதுங்களும் என் பின்னால குந்த வேண்டியதுதான். நைனா ராவுல தூங்காம பொரண்டு பொரண்டு படுக்கறது காதுல கேக்கும். அப்பதான் எனக்கு ஒரு ரோசம் வந்துச்சு. ஓடலன்னா ஓட வெக்கறேன்டான்னு நெனச்சேன்.

மொதல்ல பொன்னியம்மன் கோயில் பூசாரி அய்யாசாமியப் புடிச்சேன். "எந்தத் தியேட்டர்ல ஓடணும்னு சொன்னானா?"ன்னு கேட்டுட்டு அவரே பதிலும் சொன்னாரு. "இல்லியே! அப்ப அம்மாவுக்கு எல்லா கொட்டாயும் ஒண்ணுதான்." நேரா மணவாளன் கிட்ட போனேன்.

மணவாளன் கொட்டாய் வாசல்ல முண்டா பனியனோட குந்தி வெத்தல போட்டுகினு இருந்தாரு. நான் சொன்னதக் கேட்டு வெத்தலையத் துப்பிட்டாரு. "அம்மாடி, அந்தப் படத்து பொட்டிய கம்பெனிக்காரன் சும்மாவே குடுத்துட்டுப் போவான், திருப்பிக் கேக்கவும் மாட்டான். ஆனா எவ வந்து பாப்பா? மூணு நாள் தாங்காது."

"பொம்பள பக்கத்த நான் ரொப்பறேன் அண்ணாத்தே. ரொம்பலன்னா மறுநாளே தூக்கிடுங்க."

"ஆம்பள பக்கம்?"

"பொம்பளைங்க வந்தா அவங்க தானா வருவாங்க."

பொங்கலுக்கு மறுநாள் பொட்டி வந்துச்சு. எங்க தெருவுல கால்ல உளுந்து கெஞ்சிக் கூத்தாடி இருவது பேர இட்டாந்தேன். மணலக் குமிச்சு குந்திகினோம். படம் ஆரம்பிச்சுது. சின்னசாமி பையன் சொன்னது கொஞ்சம்தான். வேங்கைமாறன் எழுந்திரிக்கவே மூணு பாட்டு ஆச்சு. எழுந்தவரு ஜன்னலுக்குப் போனாரு. சரி, இப்ப குதிப்பாருன்னு எல்லாரும் நிமிந்தோம். நெலாவப் பாத்துட்டு திரும்பி வந்து குந்திட்டாரு. "அடக் கஸ்மாலம்"னு பக்கத்துல குந்தினு இருந்த முனியம்மா சத்தமாவே சொன்னா. எனக்கு அழுவ வந்துருச்சு. போச்சு, நாளைக்கு ஒருத்தியும் வர மாட்டா.

அப்பதான் ஜமீலா எந்தோள்ல தட்டினா. ஜமீலா என்கூட பேக்கிங்ல வேல செய்யறவ. அவ புள்ள பொறந்ததுலேருந்து சாயங்காலம் ஆனா வீல்னு கத்தும். டாக்டரப் பாத்தாச்சு, மந்திரிச்சுத் தாயத்து கட்டியாச்சு, ஒண்ணும் நிக்கல. அந்தப் புள்ள அவ மடியில வாயப் பொளந்துகினு தூங்குது. "லோகு, ராஜசபை ஆரம்பிச்சப்போ தூங்குனது, இன்னும் எழுந்திரிக்கலடி!" சுத்திப் பாத்தேன். கொட்டாயில இருந்த அத்தன புள்ளைங்களும் தூங்குது. வேங்கைமாறனோட கொரலு அப்டி. ஏத்தமும் கெடையாது, எறக்கமும் கெடையாது.

மறுநாள் ஜமீலா புள்ளயோட வந்தா, கூட அவ நாத்தனாரும் புள்ளயோட வந்தா. அதுக்கு மறுநாள் பட்டாபிராம்லேருந்து வந்தாளுங்க. ஒரு வாரத்துல தரை டிக்கெட்டு பொம்பள பக்கம் கால் வெக்க எடமில்ல. புள்ளைங்கள வரிசையா மணல்ல படுக்க வெச்சிட்டு, இவளுங்க முறுக்கத் துன்னுகினு பேச ஆரம்பிச்சா, அப்டி ஒரு பேச்சு! மாமியாருங்களும் ஒண்ணும் சொல்ல முடியாது. சினிமான்னா புத்தி கெட்டுடும்ன்றவங்க, சரித்திரப் படம்னா வாய மூடிக்கிட்டாங்க. வேங்கைமாறன்தான் பொம்பளைங்க பக்கம் நிமிந்தே பாக்க மாட்டாரே.

மாசியில கொட்டாயிலயே பொண்ணு பாக்கற விசேசம் ஆரம்பிச்சுது. வேற படத்துல மாப்ள திரையப் பாப்பான். இதுல பொண்ணத்தான் பாக்கணும், வேற வழி? எங்க தெரு பார்வதம் பொண்ணுக்கு, ராஜசேகரனுக்கு, எல்லாம் அங்கதான் முடிவாச்சு. ஊருல இருக்கற கல்யாணமெல்லாம் என் கையால நடந்துச்சு, எனக்குத்தான் நடக்கல. ஐம்பதாவது நாள்னு மணவாளன் செவப்புல போஸ்டர் அடிச்சு ஆவடி வரைக்கும் ஒட்டினாரு. அதப் பாத்துட்டு படம் எடுத்த கம்பெனிலேருந்து ஒரு ஆளு கார்ல வந்து, இது நம்ம படம்தானான்னு விசாரிச்சுட்டுப் போனான்.

ஆனா ஒண்ணு. படத்த முழுசா யாரும் பாக்கல. புள்ளைங்க தூங்கினதும், பேச வேண்டியதப் பேசி முடிச்சதும், பொம்பளைங்களுக்கு ஊட்டுக்குப் போவணும், சோறாக்கணும். மொத நாளே எல்லாரும் முன்னாலயே எழுந்துட்டாங்க, அதனால மணவாளன் அன்னிலேருந்தே கடைசி ரெண்டு ரீல ஓட்ட மாட்டாரு. வேங்கைமாறன் "யோசித்துச் சொல்கிறேன்"னு சொல்ற எடத்துல வெளக்கப் போட்டுருவாரு. ஒருத்தரும் கேக்கல. இந்தப் படத்துல சண்டையே கெடையாதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க.

இதுக்கு நடுவுல என் தசரதன் இன்னா பண்ணாரு? மொதல்ல மூஞ்சி செத்துப்போச்சு. "வாணாம் லோகு, தலைவர் படத்த இழுத்து இழுத்து அசிங்கப்படுத்தாத"ன்னாரு. நான் கண்டுக்கல. பங்குனி வந்ததும் ஆளு மாறிட்டாரு. படம் உட்டா சைக்கிளோட வாசல்ல நிப்பாரு. மல்லிப்பூ வாங்கியாருவாரு. "எனக்காக இவ்ளோ பண்ணிகினு கீறியே லோகு, ஒன்ன மாதிரி பொண்ணு எவனுக்குக் கெடைக்கும்?"னு சொன்னாரு. அந்தப் பூவ காஞ்சப்புறமும் தலையிலேருந்து எடுக்க மாட்டேன் நான். அவ்ளோ சந்தோசம். பொய் சொல்ல மாட்டேன், உசுரையே வெச்சிருந்தேன்.

சித்திரையில வெற்றி விழா வெச்சாங்க. கோயில் வாசல்ல மேடை, சீரியல் செட்டு, அத்த புதுப் பொடவ எடுத்துட்டா. விழாவுக்கு மொத நாளு எனக்கு ஒரு பயம் வந்துச்சு. "அண்ணாத்தே, சத்தியம் படத்துக்குத்தான், முக்காப் படத்துக்கு இல்ல. நாளைக்கு அம்மன் கேட்டா இன்னா சொல்வேன்? இன்னிக்கு ஒரு நாளாவது முழுசா ஓட்டுங்க." மணவாளன் தலையில அடிச்சுகினு ஒத்துக்கினாரு.

வழக்கம்போல எல்லாரும் முன்னாலயே எழுந்து போயிட்டாங்க. ஜமீலா புள்ளய எழுப்ப மனசில்லாம குந்தினு இருந்தா, நான் இருந்தேன். "யோசித்துச் சொல்கிறேன்" வந்துச்சு, போச்சு. அடுத்த ரீலு ஓடிச்சு. பாத்தா, சண்ட!

ஆமா, சண்ட இருந்துச்சு. பாத்த மாதிரி ஒரு காஞ்ச ஏரி. நம்ம பக்கத்து நூம்பல் ஏரியேதான், கரையில பனமரம்கூட தெரியுது. முப்பது பேரு இந்தப் பக்கம், முப்பது பேரு அந்தப் பக்கம், சுத்திச் சுத்தி ஓடறானுங்க. ஒரு யானை நின்னுகினு தூங்குது. வேங்கைமாறன் குதிரை மேலேருந்து ஒருத்தன வெட்டறாரு, அவன் உளுந்து சாவறான். கேமரா அவன் மேலயே நிக்குது. செத்தவன் கெடக்கறான். கெடந்துகினே, வலது கால் கட்டவெரலால எடது கெண்டக்கால சொறியறான்.

ஜமீலாதான் மொதல்ல பேசினா. "லோகு... அது?"

 அடுத்தாப்ல ஜெயிச்ச படை வாள தூக்கிகினு கத்திகினே போவுது. அதுல மூணாவது ஆளா, தலப்பாவ மாத்திகினு, அதே சுருட்ட முடி, "வாழ்க வேங்கைமாறன்!"னு கத்தறான். அந்தப் பக்கமும் நின்னிருக்கான், இந்தப் பக்கமும் நின்னிருக்கான். போன வைகாசில பூரா ஓவர்டைம்னு சொல்லிகினு ஊட்டுப் பக்கமே வராம இருந்தான், அப்ப எனக்கு ஞாபகம் வந்துச்சு. தீபாவளியன்னிக்கு பசங்கள பாதிப் படத்துல கெளப்பிகினு வந்தது ஞாபகம் வந்துச்சு. 

வெளிய வந்தேன். சைக்கிள்கிட்ட பூவோட நின்னுகினு இருந்தான்.

"நூம்பல் ஏரில எத்தினி நாளு செத்த?"ன்னு கேட்டேன்.

கையில இருந்த பூவ சைக்கிள் கேரியர்ல வெச்சான். அப்பால மெதுவா, "இன்னிக்கு முழுசா ஓட்டுனாங்களா?"ன்னான்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன். சொல்லு."

எல்லாத்தையும் சொன்னான். ஷூட்டிங்குக்கு ஆளு புடிக்கற ஏஜெண்டு ஒருத்தன் இவன் கொரலக் கேட்டுட்டு, அடுத்த படத்துல வசனம் பேசற வேசம் தர்றேன்னானாம். கல்யாணம் ஆனா ஊடே கதின்னு கெடக்கணும், சினிமாவுக்கு எங்க போறதுன்னு யோசிச்சானாம். "அந்த ஏரியிலயே தெரிஞ்சுபோச்சு லோகு. டைரக்டரே சேர்ல தூங்குறாரு. இந்தப் படம் எங்க ஓடப்போவுதுன்னு... சத்தியம் பண்ணா எவனும் கேள்வி கேக்க மாட்டான், ரெண்டு வருசம் டைம் கெடைக்கும்னு நெனச்சேன். அந்த ஏஜெண்டு பேமானி ஓடியே போயிட்டான். இப்ப நான் மாறிட்டேன், ஆத்தா மேல ஆண. வெளிய சொல்லிடாத லோகு. நாளைக்கு எல்லாம் முடிஞ்சிரும்."

"டேய், ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.  "'லோகு, நான் சினிமாவுல முட்டி மோதிப் பாக்கறேன், காத்திருடி'ன்னு வாயத் தொறந்து சொல்லிருந்தா, ரெண்டு வருசம் இன்னா, நாலு வருசம் காத்திருந்திருப்பேனே."

அவன் நின்னான். ஒத்தக் கால்ல. எனக்கு அதுக்கு மேல பாக்க முடியல. ஜமீலாவோட நடந்தே ஊட்டுக்குப் போயிட்டேன், ராத்திரி பூரா அழுதேன்.

மறுநாள் விழா ஜோரா நடந்துச்சு. தசரதன் பட்டு வேட்டி கட்டிகினு மாலையோட மேடையில. கன்னியம்மா அத்த தட்டுல பூ, பழம், வைகாசி முகூர்த்தம் குறிச்ச சீட்டு எல்லாம் வெச்சுகினு கீழ நிக்கறா. எங்க நைனா மூஞ்சியில அஞ்சாறு மாசத்துக்கு அப்பால சிரிப்பு. அதப் பாத்துதான் ஒரு நிமிசம் தடுமாறிட்டேன். போனாப் போவுது, கழுத்த நீட்டிடலாமான்னு. மணவாளன் மைக்க புடிச்சு, "இந்த வெற்றிக்குக் காரணமான லோகநாயகி மேடைக்கு வரணும்"னு கூப்ட்டாரு. படியேறினப்போ தசரதன் என்னப் பாத்து சிரிச்சான். எல்லாம் சரியாப்போச்சுன்ற சிரிப்பு. அதோட என் தடுமாத்தம் போச்சு.

பூசாரி தட்டுலேருந்து ஒரு கற்பூரத்த எடுத்து உள்ளங்கையில வெச்சு ஏத்தினேன். 

"அம்மா, பொன்னியம்மா! நூறு நாள் போதாது. எங்க சேனாபதி வேங்கைமாறன் இந்தக் கொட்டாயிலயே வெள்ளி விழா கொண்டாடுனப்புறம்தான் நான் இவரக் கட்டிப்பேன். அதுக்கு முன்னால இல்ல. இது சத்தியம்!"

கைய மூடினேன். சுட்டுச்சு, நல்லாவே சுட்டுச்சு. கீழ விசில் பறக்குது. மன்றத்துப் பசங்க "லோகு அக்கா வாழ்க"ன்னு கத்தறானுங்க. கன்னியம்மா அத்த ரெண்டு கையையும் தூக்கி அம்மனக் கும்பிட்டா, தட்ட மடியில வெச்சிகினு கீழ குந்திட்டா. நைனா மட்டும் சிரிப்ப நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. அப்பால தசரதனப் பாத்தாரு.  துண்ட ஒதறி தோள்ல போட்டுகினாரு.

எதுத்தாப்ல கொட்டாய் வாசல்ல நாளையிலேருந்து ஓடற வேற படத்துக்கு ஆளு ஏணி போட்டு போஸ்டர் ஒட்டிகினு இருந்தான். நூறு நாளு முடிஞ்சுதுன்னு வேங்கைமாறன் பொட்டிய அப்பதான் வண்டியில ஏத்திக் கயிறு போட்டு கட்டினாங்க. தசரதன் மாலையோட அதப் பாத்துகினே நின்னான், வலது கால் கட்டவெரலால எடது கெண்டக்கால சொறிஞ்சுகினு.